எபாக்ஸியில் நானோகுழாய் கலந்தும் பட்டை கடத்தவில்லை, உதவி தேவை

கரித்துகள்:
வணக்கம். எபாக்ஸி ரெசினில் மல்டிவால் (பல சுவர் கொண்ட) கார்பன் நானோகுழாய் கலந்து சின்னப் பட்டைகள் வார்க்கிறேன். அளவு 0.5 எடை சதவீதம். குழாயை அசிட்டோனில் போட்டு, ப்ரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டிகளைப் பிரிக்கும் கருவி) நன்றாக ஓட்டி, ரெசினோடு சேர்த்து, அசிட்டோனை ஆவியாக்கி, அமீன் ஹார்டனர் ஊற்றிச் சூட்டில் இறுக வைத்தேன். பட்டை ஒரே சீரான கருப்பு, கட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மல்டிமீட்டர் முள்ளை வைத்தால் 'ஓ.எல்.' தான், அதாவது மீட்டரால் அளக்க முடியாத அளவு தடை. கட்டுரைகளில் 0.1 சதவீதத்திலேயே கடத்துகிறது என்கிறார்கள். போதாக்குறைக்கு, இழுவிசைச் சோதனையில் வெறும் எபாக்ஸியைவிடச் சீக்கிரம் உடைகிறது. எங்கே இடிக்கிறது?

மீட்டர்மணி:
முதலில் அளவெடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். அச்சோடு ஒட்டியிருந்த பக்கத்தில் குழாய் அதிகம் இல்லாத மெல்லிய ரெசின் தோல் படிந்திருக்கும். உங்கள் முள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, மின்சாரம் கடத்தும் சில்வர் பெயின்ட் பூசி, காய்ந்தபின் பாருங்கள். கட்டுரையில் போடும் எண்ணுக்கு நான்குமுனை முறைதான் சரி, தொடுமுனைத் தடை அதில் சேராது. குழாய் சாதாரணமானதா, அமிலத்தில் போட்டுக் கார்பாக்சில் ஏற்றியதா?

முகமூடி:
தேய்க்கக் கிளம்பும் முன்: உலர்வாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் விட்டு, துகள் முகமூடி போட்டு, உறிஞ்சு விசிறிக்கு அடியில் செய்யுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம்தான். 2014-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐ.ஏ.ஆர்.சி., எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரு மல்டிவால் வகையை '2பி', அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. தேய்த்த தூசியில் குழாய் பெரும்பாலும் ரெசினில் சிக்கியபடிதான் இருக்கும். நீங்கள் தூளாக எடை போடும் கட்டம்தான் எனக்கு அதிகக் கவலை.

கரித்துகள்:
நன்றி இருவருக்கும். ஈரத்தில் தேய்த்து, பெயின்ட் பூசிப் பார்த்தேன். இப்போது பல மெகா ஓம் காட்டுகிறது. கார்பாக்சில் ஏற்றிய குழாய்தான், சுலபமாகப் பிரியும் என்பதால். இன்னொன்று, பட்டையை வெட்டும்போது லேசாக அசிட்டோன் வாடை வந்தது. உடைந்த முகத்தில் சிறு குமிழிகளும் தெரிகின்றன.

வலைப்பின்னல்:
வலிமைக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். தங்கிப்போன அசிட்டோன் ரெசினை இளக வைக்கும், சூட்டில் குமிழியும் ஆகும். விரிசல் அந்தக் குமிழியில்தான் தொடங்கும். ஹார்டனர் சேர்க்கும் முன் வேக்குவம் அடுப்பில் வையுங்கள். எடை குறைவது நிற்கும்வரை எடுக்காதீர்கள்.

கடத்தல் வேறு கதை. வலிமைக்குக் குழாய்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். மின்சாரத்துக்கோ அவை ஒன்றையொன்று தொட வேண்டும், அல்லது எலக்ட்ரான் தாவும் அளவுக்குச் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருக்க வேண்டும். மிக நன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு குழாயும் ரெசின் உறை போட்டுக்கொண்டு தனியே நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க அழகு, மீட்டரில் பார்த்தால் கடத்தல் பூஜ்யம்.

கூடவே இரண்டு சேதம். நீண்ட நேரச் சோனிகேஷன் குழாயை நறுக்கும்; நீள–விட்ட விகிதம் குறைந்தால், மின்சாரம் ஓடக் குழாய்கள் இணைந்த வலை உருவாகத் தேவையான அளவு ஏறும். கார்பாக்சில் ஏற்றும் அமிலக் குளியலும் சுவரைக் கிழித்து, எலக்ட்ரான் ஓடும் பாதையைக் கெடுக்கிறது. 2003-இல் சாண்ட்லரும் குழுவினரும் 0.0025 எடை சதவீதத்திலேயே எபாக்ஸியைக் கடத்த வைத்தார்கள். அவை வரிசையாக வளர்த்த நீளமான குழாய்கள். அந்த எண்ணை உங்கள் குழாய்க்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

நான் செய்வது: அமிலம் படாத குழாய், அசிட்டோன் இல்லாமல் மூவுருளை ஆலையில் அரைப்பது. ஹார்டனர் ஊற்றியபின் மெதுவான கிளறல், மிதமான சூடு. ரெசின் இளகும் அந்த நேரத்தில் குழாய்கள் தாமாகவே ஒன்றையொன்று தேடி வலை பின்னும். வேகமாகக் கிளறினால் பின்னியது கலையும். ஆலை இல்லையென்றால் சோனிகேட்டரே போதும், பனிக்கட்டித் தொட்டியில் வைத்து விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

மீட்டர்மணி:
இதெல்லாம் எதற்காக என்று கேட்கவே இல்லையே? நிலைமின்சாரம் வடிவதற்கு என்றால் மெகா ஓமே தாராளம், வேலை முடிந்தது. 2011-இல் ஏவிய ஜூனோ விண்கலத்தில் நானோகுழாய்த் தாள் போனதே அந்த வேலைக்குத்தான்.

கரித்துகள்:
இல்லை, கண்ணாடி இழைத் தகட்டில் விரிசலை மின்தடை மாற்றத்தால் கண்டுபிடிக்க வேண்டும்.

வலைப்பின்னல்:
அப்படியானால் அதிகம் சேர்க்காதீர்கள். வலை அப்போதுதான் உருவாகும் எல்லைக்குச் சற்று மேலே நின்றால் சிறு இழுவைக்கும் தடை பெரிதாக மாறும், நிறைய சேர்த்தால் அந்த உணர்திறன் மழுங்கிவிடும். தாஸ்டென்சன், சௌ என்ற ஆய்வாளர்கள் 2006-இல் கண்ணாடி இழைத் தகட்டின் ரெசினில் குழாய் கலந்து, அடுக்கு பிரிவதை இதே வழியில் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.

கரித்துகள்:
அந்தத் தகட்டை வேக்குவத்தில் ரெசின் இழுத்துச் செய்யலாமா?

வலைப்பின்னல்:
சின்னத் தகடென்றால் கையால் பூசி அழுத்துங்கள். இழுத்தால் துணியே வடிகட்டியாகி, ரெசின் நுழையும் பக்கம் கருப்பாகவும் மறுமுனை வெளிறியும் நிற்கும். தடை இடத்துக்கு இடம் மாறினால் விரிசல் எது, கலவைக் கோளாறு எது என்று பிரிக்கவே முடியாது.