துருவ ஒளியோடு கேட்கும் ஒலி: மின்னிறக்கம்தான் காரணமா?

மின்துகள்: துருவப் பகுதி வானில் திரைபோல் அசையும் வண்ண ஒளியான துருவ ஒளி (அரோரா) ஆடும் இரவுகளில் கைதட்டுவது போலவும் சருகு நொறுங்குவது போலவும் ஒலி கேட்பதாக வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். இதை மனப்பிரமை என்று இனியும் ஒதுக்க முடியாது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் உன்டோ லைனே, மூன்று ஒலிவாங்கிகளைத் தனித்தனியே நிறுத்தி, ஒலி அவற்றை எட்டிய நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, அது தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரத்தில் பிறந்தது என்று 2012-இல் அறிவித்தார்.

வானோக்கி: ஒலி பதிவானதை நான் மறுக்கவில்லை, அதைத் துருவ ஒளியோடு முடிச்சுப் போடுவதைத்தான் மறுக்கிறேன். அந்த ஒளி ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில் தோன்றுகிறது. அங்கிருந்து ஒலி புறப்பட்டாலும் தரையை அடைய ஐந்து நிமிடமாவது ஆகும். ஒளி அசையும் அதே நொடியில் காதில் விழுவது, கடுங்குளிரில் மரம் வெடிக்கும் சத்தமாக ஏன் இருக்கக் கூடாது?

மின்துகள்: எந்த மரம் ஐயா 70 மீட்டர் உயரத்தில் வெடிக்கிறது? ஒளி தோன்றும் அந்த உயரத்திலிருந்து ஒலி வருவதாக லைனேயும் சொல்லவில்லை. காற்றசைவற்ற தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர, சற்றே வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடி போலப் படிகிறது. கீழிருந்து எழும் எதிர்மின்னூட்டமும் மேலிருந்து இறங்கும் நேர்மின்னூட்டமும் அந்த அடுக்கில் பிரிந்து தேங்குகின்றன. சூரியத் துகள்களால் பூமியின் காந்தப்புலம் குலையும் புவிகாந்தப் புயல் தாக்கும்போது அவை மின்பொறியாக வெளியேறி (இதுவே மின்னிறக்கம்) ஒலி எழுப்புகின்றன என்பதே 2016-இல் அவர் வைத்த விளக்கம். ஒளிக்கும் ஒலிக்கும் தாய் ஒன்றே என்பதால் காலதாமதம் என்ற தடையே எழவில்லை.

தென்பொதிகை: எரிகல் வானில் பாயும் அதே கணத்தில் ஒலி கேட்பது பற்றிய விவாதத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1719-இல் பலர் கேட்டதாகச் சொன்ன சீறலை வானியலாளர் எட்மண்ட் ஹாலி கற்பனை என்று தள்ளினார். 1980-இல் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் காலின் கீ, எரிகல்லிலிருந்து வரும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் அருகிலுள்ள பொருள்களை அதிரவைக்கின்றன என்றார். 2017-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தினரோ, எரிகல்லின் ஒளித்துடிப்பே தலைமுடி, மெல்லிய துணி போன்றவற்றைச் சூடாக்கி ஒலி எழுப்பக்கூடும் என்று காட்டினார்கள். மின்சார விளக்கம் பொருத்தமாகத் தோன்றினாலும், அதற்கு வலுவான போட்டி பின்னால் வரலாம்.

வானோக்கி: நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். துருவ ஒளி கண்ணுக்குத் தெரியாத இரவுகளிலும் இவ்வொலி கேட்டதாக லைனேயே 2022-இல் தெரிவித்தார். ஒளி இல்லாமலும் ஒலி வருமென்றால் அது துருவ ஒளியின் ஒலி ஆகுமா?

மின்துகள்: அந்த முடிவு என் பக்கமே பேசுகிறது. காந்தக் குலைவு கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தராத அளவில் இருந்தும் தரையருகே மின்னூட்டத்தைத் தூண்டியிருக்கலாம்.

வானோக்கி: அப்படியானால், ஒலி எழும் கணத்தில் அதே 70 மீட்டரில் மின்புல மாற்றத்தை ஒரு பலூன் கருவி அளந்து காட்டட்டும். அதுவரை இதை நல்ல கருதுகோள் என்பேன், நிறுவப்பட்ட காரணம் என்று சொல்ல மாட்டேன்.