புதுப்பிப்பு: மக்காச்சோளச் சாராயம், முதல் சிறு வடிப்பு

மக்காச்சோள ஊறலிலேயே கொத்தமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் சேர்த்துவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நொதிக்கும்போதே மணம் பறந்துவிடும் என்று பலர் எச்சரித்ததை ஏற்றுக்கொண்டேன். சொந்தப் பயன்பாட்டுக்கு வடிப்பதைச் சட்டம் 1996 முதல் அனுமதிக்கும் நியூசிலாந்தில்தான் இருக்கிறேன் என்பதையும், கவலைப்பட்டவர்களுக்காக, மீண்டும் சொல்லிவிடுகிறேன்.

4 கிலோ மாவை 18 லிட்டர் நீரில் 85 டிகிரிக்கு மேல் கூழாகக் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறிய பின்னரே 1 கிலோ முளைகட்டிய பார்லியைச் சேர்க்கப் போகிறேன். கொதிசூட்டில் போட்டால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செயலிழந்துவிடும். வெறும் மாவை வைத்து ஒத்திகை பார்த்தபோது, மரத்துடுப்பு தானாக நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கூழ் இறுகி, அடியும் பிடித்துவிட்டது (அந்தப் பானையைத் தேய்த்த கதை வேண்டாம்). ஆகவே, சூடேறும்போதே ஒரு பிடி பார்லியைத் தூவி இளக்கிக்கொள்வேன்.

வடிப்பில் முதலில் சொட்டும், பசை வாடை அடிக்கும் பகுதியைக் கொட்டிவிட்டு, நல்ல பகுதியில் ஒவ்வொரு வாசனைப் பொருளையும் தனித்தனிச் சீசாவில் ஊறவைத்துப் பிறகு கலப்பேன். ஆரஞ்சுத் தோலின் உள்வெள்ளை கசக்கும் என்பதால் அதைச் சீவிவிட்டேன். ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காய்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.