கரடிக்குப் 'பழுப்பன்' என்று பெயர் வந்த கதை உண்மையா?

கடைசிபெஞ்ச்: நிஜப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று பயந்த பழைய ஜெர்மானியர்கள், 'பழுப்பன்' என்று பூடகமாகக் கூப்பிட்டார்களாம். அதுதான் ஆங்கில 'பேர்', ஜெர்மன் 'பேர்' எல்லாம் ஆனதாம். வீடியோவுக்கு வீடியோ இதே கதை. ஆதாரம் உண்டா?

வேர்ச்சொல்: உண்டு. சமஸ்கிருத ருக்ஷ, கிரேக்க ஆர்க்தோஸ், லத்தீன் உர்சுஸ், அனத்தோலியாவின் பழைய மொழியான ஹிட்டைட்டின் ஹர்தக்க எல்லாம் கரடியைக் குறிக்கும் ஒரே மூலச்சொல்லின் பிள்ளைகள். ஆங்கிலம், ஜெர்மன் சேர்ந்த ஜெர்மானிய மொழிகளிலும், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளிலும் அது காணோம். ஸ்லாவியர் 'தேன்தின்னி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பழைய பெயர் விலக்குச்சொல், அதாவது பயத்தால் வாயில் எடுக்காத சொல் ஆனது என்று பிரெஞ்சு மொழியியலாளர் அந்த்வான் மெய்யே 1906-லேயே எழுதிவிட்டார். 'பழுப்பு'க்கும் சான்று இருக்கிறது: லிதுவேனியனில் 'பேரஸ்' என்றால் செம்பழுப்பு, குதிரை நிறம். பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் பெயரும் அந்த வேர்தான்.

நாடோடி: பழைய பெயர் தொலைந்தது சரி, பழுப்பு எங்கே வந்தது? ஜெர்மானியத்தில் பழுப்புக்கு 'ப்ரூன்' என்ற வடிவம்தான் இருக்கிறது. 'பெர்' என்று தனி நிறச்சொல் கிடையாது. லிதுவேனியச் சொல்லில் உயிர் நெடில், கரடியில் குறில். மொழியியலாளர் டொனால்ட் ரிஞ்ச் 2006-ல் வேறு வழி காட்டினார்: கிரேக்க 'தேர்', லத்தீன் 'ஃபெருஸ்', லிதுவேனிய 'ஜ்வேரிஸ்' ஆகியவற்றின் மூலமான 'காட்டு விலங்கு' என்ற சொல். சொல் முதலில் வரும் 'க்ஹ்வ' ஜெர்மானியத்தில் 'ப' ஆகும் என்பது அவர் விதி.

வேர்ச்சொல்: அந்த விதியே தகராறு. ஆங்கிலத்தில் வெதுவெதுப்பைக் குறிக்கும் 'வார்ம்' என்ற சொல்லையும் அதே ஒலியிலிருந்துதான் கொண்டுவருகிறார்கள். அங்கே ஏன் 'வ'? ஒரே ஒலி இரண்டு பக்கம் போகுமா?

நாடோடி: 'வார்ம்' அந்த வேரிலிருந்துதான் வந்தது என்று யார் கையெழுத்துப் போட்டார்கள்? எரிவதைக் குறிக்கும் 'வெர்' என்ற வேர் தனியாக இருக்கிறது. ஹிட்டைட்டில் 'வார்' என்றால் எரிதல்.

மூங்கில்காடு: சண்டைக்கு நடுவே ஒன்று. ரிஞ்ச் சொல்வதே சரி என்றாலும் விலக்கு போகவில்லை. பெயரைச் சொல்லாமல் 'மிருகம்' என்பதும் பூடகம்தானே?

கடைசிபெஞ்ச்: ஓநாய்க்குப் பயமில்லையா? அதன் பழைய பெயர் 'வுல்ஃப்' என்று அப்படியே இருக்கிறதே.

வேர்ச்சொல்: அப்படியே இல்லை. பழைய 'க்வ' ஜெர்மானியத்தில் 'ஹ்வ' ஆகும் என்பது விதி. அந்த 'ஹ்வ' வரவேண்டிய இடத்தில் 'ஃப' நிற்கிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் பெண் ஓநாய் 'இல்க்ர்'. அங்கே பழைய ககரத்தின் தடம் தெரிகிறது. வேண்டுமென்றே திரித்திருக்கலாம்.

நாடோடி: மறைந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் நான்கு என்பது 'ஃபித்வோர்'. அங்கேயும் 'ஹ்வ' வரவேண்டிய இடத்தில்தான் 'ஃப'. நான்கு என்ற எண்ணைப் பார்த்தும் பயந்தார்களா? பக்கத்தில் 'வ' இருந்தால் உதடு இழுத்து 'ஃப' ஆக்கிவிடும், அவ்வளவுதான். விலக்கு என்று வாதம் பண்ண ஓநாயைக் கூட்டிவராதீர்கள். கரடி ஒன்றே போதும்.