29-ஆவது வாரத்தில் மருத்துவமனைப் படுக்கையே கதி

கேள்வி (காரைக்குடி):
நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்து இரத்தப்போக்கும் ஏற்பட்டதால், கர்ப்பத்தின் 29-ஆவது வாரத்திலிருந்து மருத்துவமனையில் படுத்தே இருக்கிறேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத இந்த நாட்களை நீங்கள் எப்படிக் கடத்தினீர்கள்?

மறுமொழி (தேவகோட்டை):
தங்கச்சி, நானும் ஆறு வாரம் அப்படிக் கிடந்தவள்தான். ஆச்சி கொண்டுவந்த சாயமிட்ட பனையோலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒருக்களித்தபடியே கொட்டான் என்கிற சின்னச் சின்ன ஓலைக்கூடைகளாக முடைந்தேன். விரல் நுனிகள்தான் சிவந்துபோயின.

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர்):
அசையாமல் கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கணுக்கால்களை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையை அழுத்தும். இடப்பக்கம் ஒருக்களிப்பதே நல்லது.

கேட்டவர்:
நன்றி, அக்கா. பார்க்க வருகிறவர்களிடம் இனிக் கந்தரப்பம் வேண்டாம், ஓலை கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.