அப்பாவின் கல்லீரல் கட்டி: எம்ஆர்ஐயா, பயாப்சியா?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 62. பல வருடமாக ஹெபடைடிஸ் பி, மூன்று வருடமாக சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது). போன மாத ஸ்கேனில் கல்லீரலில் 2.4 செ.மீ. கட்டி தெரிந்தது. வலி, காமாலை கிடையாது, பசிதான் குறைந்துவிட்டது.

ரத்தத்தில் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) 18தான். நிம்மதியானோம், ஆனால் அது ஏறாமலேயே புற்றுநோய் இருக்கலாமாம். அப்புறம் சாயம் ஏற்றி சிடி எடுத்தோம். தமனிக் கட்டத்தில், அதாவது சாயம் தமனி வழியாக வந்து சேரும் நேரத்தில், கட்டி பளிச்சென்று தெரிகிறது. பிறகு சாயம் வடிந்து மங்கவில்லை. அதனால் லைராட்ஸ் 4, அதாவது கட்டி கல்லீரல் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் தர வரிசையில் 'அநேகமாகப் புற்றுநோய்'. (5 என்றால் ஊசி குத்தாமலேயே உறுதி செய்துவிடுவார்களாம், எங்களுக்கு நடுவில் தொங்குகிறது.)

ஒரு டாக்டர் பயாப்சி (ஊசி குத்தி கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பது) என்கிறார். இன்னொருவர் பிளேட்லெட் 70 ஆயிரம்தான், ரத்தக்கசிவு வரலாம், முதலில் எம்ஆர்ஐ என்கிறார்.

வீட்டில் யாருக்காவது லைராட்ஸ் 4 வந்திருந்தால், எதை முதலில் செய்தீர்கள்?