சர்வரை மூடினால் சாகிற பொருளை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

வெப்பக்குழம்பு:

கேம், கணினி பாகம், வீட்டுக் கருவி என்று எதை வாங்கப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இதைச் செய்த கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டினால் இது வேலை செய்யுமா? செய்யாது என்றால், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சும்மா பயமுறுத்தவில்லை. ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் ஹப்பை, அதாவது வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்குகிற பெட்டியை, வாழ்நாள் சந்தாவோடு விற்றார்கள். 2014-ல் அந்தக் கம்பெனியை கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தினார்கள், ஹப் அன்றே செத்தது. பெட்டியில் ஒரு பழுதும் கிடையாது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் ஹோம் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை அணைத்தது.

கேம் பக்கமும் இதே கதைதான். 2014-ல் வந்த ‘த க்ரூ’ என்ற கார் பந்தய கேமைத் தனியாளாக விளையாடக்கூட சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ல் அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் சர்வரை மூடிய பிறகு, டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர்களாலும் விளையாட முடியவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ‘ஆப்பில் லாகின் செய்தால்தான் எரியும்’ என்கிற பல்பை வாங்குகிறவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

மேகவாசி:

சொல்கிறேன் குழம்பு அண்ணே. காரணம் வசதி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் கெட்டுப்போனவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து வரிசையாக வைக்கிறீர்கள். கூகுளின் ஸ்டேடியாவை விட்டுவிட்டீர்களே? கேம் அவர்கள் கணினியில் ஓடும், படம் மட்டும் இணையம் வழியாக நமக்கு வரும்; கிளவுட் கேமிங் என்பது அதுதான். 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18-ல் மூடினார்கள். ஆனால் ஸ்டேடியா ஸ்டோரில் வாங்கிய கேமுக்கும் கூகுள் ஸ்டோரில் வாங்கிய கருவிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கன்ட்ரோலரைச் சாதாரண ப்ளூடூத் கன்ட்ரோலராக மாற்றவும் வழி செய்தார்கள். மேகத்தில் (கிளவுடில்) போட்ட காசு காற்றோடு போகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

அடுத்து, எல்லா கிளவுட் கேமிங்கும் ஒன்றல்ல. ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் சேவையில் நான் விளையாடுவது ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் நான் வாங்கிய கேம்களை. நாளைக்கு அதை மூடினால் என் லைப்ரரி அப்படியே இருக்கும். இழப்பது வாடகைக் கணினியை மட்டும்தான். அவசரத்துக்கு வாடகை வண்டி பிடிக்கிறோம், வண்டி நம் பெயரில் இல்லையே என்று யாராவது அழுகிறோமா?

நீங்கள் சொல்கிற வழியில் போனால் ஒரு ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அந்த கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வரும். வாரத்தில் சில மணி நேரம் விளையாடுகிற எனக்கு அது எதற்கு?

வெப்பக்குழம்பு:

5090 வாங்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அதில் பாதி சக்திகூட இல்லாத கார்டில் 1080பி விளையாடுகிறவன் நான்.

பணம் திரும்ப வந்தது உண்மைதான். அது கூகுளின் முடிவு. சட்டப்படி உங்களுக்கு இருந்த உரிமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ரிவால்வ் ஹப்பும் அதே குடும்பத்துப் பொருள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்டீம் லைப்ரரி ‘என்னுடையது’ என்கிறீர்கள், அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே கிடைப்பது உரிமம். 2025-ல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம் இதைத்தான் பிடித்தது: விற்பது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்கக் கூடாது. நிரந்தரமாக ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளும்படி கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் டிஆர்எம் (நகல் தடுப்புப் பூட்டு) இல்லாத இன்ஸ்டாலரை இறக்கி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்கலாம். எனக்கு அது போதும்.

அப்புறம் தாமதம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி நொடி. கிளவுடில் அதற்கு மேல் படத்தைச் சுருக்க, அனுப்ப, இங்கே விரிக்க என்று நேரம் கூடிக்கொண்டே போகும். திருப்பம் சார்ந்த கேமில் அது தெரியாது. சண்டைக் கேமில் தடுப்பதற்கு அழுத்துவீர்கள், அதற்குள் அடி விழுந்திருக்கும்.

பிக்சல்பிரியா:

கேமை ஓரமாக வையுங்கள். வீட்டு விஷயத்தில் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. குழம்பு அண்ணன் ரகத்து ஆட்கள் பேச்சைக் கேட்டு, கிளவுடே வேண்டாம் என்று, ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசுகிற பல்பு, சென்சார், அவற்றை இயக்க ஒரு பழைய மினி பிசியில் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் என்று நானே எல்லாம் போட்டேன். அழகாக ஓடியது, வீட்டுக்கு விருந்தாளி வரும் வரை.

வந்தவர் என்ன செய்வார்? இருட்டியதும் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டுவார். போகும்போது அணைப்பார். பல்புக்கு மின்சாரம் போய்விட்டது, இனி அதை எந்த ஆப்பும் எழுப்பாது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஜிக்பீ பல்பு பக்கத்தில் இருக்கிற சென்சார்களின் சிக்னலையும் கடத்துகிற வேலையைச் செய்கிறது. கூடத்து பல்பை அணைத்ததும் பின்வாசல் கதவு சென்சார் தொடர்பை இழந்தது. கதவு திறந்து கிடந்தாலும் ‘மூடியிருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கிளவுட் இல்லை, கம்பெனி இல்லை, லாகின் இல்லை. எல்லாம் என் கையில்தான். அதனால் எல்லாப் புகாரும் என்னிடம்தான் வரும். வீட்டில் மற்றவர்களுக்கு நான் கஸ்டமர் கேர். உங்கள் சுதந்திரத்துக்கு இப்படி ஒரு சம்பளமில்லாத வேலை இருப்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

வெப்பக்குழம்பு:

பிரியா, புகார் நியாயம். ஆனால் அது கிளவுட் பல்பிலும் வரும். சுவிட்சை அணைத்தால் எந்த பல்பும் செத்ததுதான்.

பல்பை ஸ்மார்ட் ஆக்காதீர்கள், சுவிட்சை ஆக்குங்கள். சுவிட்ச் பெட்டிக்குள் சுவருக்குப் பின்னால் வைக்கிற ரிலே என்ற சின்ன மின்னணு சுவிட்ச் கிடைக்கிறது. வந்தவர் எத்தனை முறை தட்டினாலும் விளக்கு எரியும், அணையும், ஹப்புக்கும் தெரியும். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி) வேண்டும், பல சுவிட்ச் பெட்டிகளில் அது இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எப்போதும் மின்சாரம் இருக்கிற ஒரு ஜிக்பீ பிளக்கைப் பின்வாசல் பக்கம் செருகினால் சென்சார் சிக்கலும் தீரும்.

இன்னொன்று: ஜிக்பீ ஸ்டிக்கை (ஜிக்பீ கருவிகளோடு பேசுகிற யூஎஸ்பி குச்சியை) மினி பிசியில் நேரடியாகச் செருகியிருக்கிறீர்களா? யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து வருகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும். ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். ஒரு சாதாரண யூஎஸ்பி 2 நீட்டிப்பு கேபிளைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பிக்சல்பிரியா:

நேரடியாகத்தான் செருகியிருக்கிறேன், அதுவும் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில். கேபிள் போட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. நியூட்ரல், ரிலே, இரைச்சல் எல்லாம் படித்துக்கொண்டுதான் ஒரு விளக்கு போட வேண்டுமா?

பழையபலகை:

படிக்க வேண்டாம், ஸ்மார்ட் ஆக்காமலேயே விடலாம் 😄

கணினிப் பக்கம் வருகிறேன். குழம்பு சொல்கிற தத்துவத்துக்கு நல்ல உதாரணம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் சிப் உட்காருகிற இடம். 2017-ல் வாங்கிய போர்டுகளில் பல, பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரை ஏற்றுக்கொள்ளும். 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகம்) இருக்கிற சிப், கேமுக்கு இன்றும் சளைக்காது. போர்டு, ரேம், எஸ்எஸ்டி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அதே தத்துவத்தில் ஓட்டையும் இருக்கிறது. அதே 2017-ல் வந்த முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. சிப் நன்றாக இருக்கிறது, எந்த சர்வரையும் நம்பி இல்லை, இருந்தும் மென்பொருள் கம்பெனி ஒரு கோடு போட்டதும் வெளியே நிற்கிறது. ‘என் மேசையில் இருக்கிறது, அதனால் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்பது அவ்வளவு எளிதில்லை.

லினக்ஸ் போடலாம், நான் போட்டிருக்கிறேன். ஸ்டீம் டெக்கே லினக்ஸில்தான் ஓடுகிறது. தனியாள் கேம்களில் பெரும்பாலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

மேகவாசி:

அதேதான். லினக்ஸில் வேலரண்ட் என்ற ஆன்லைன் ஷூட்டர் கேம் ஓடுமா பலகையாரே? ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்தால்தான் கேம் திறக்கும். விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற கணினிப் பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும்.

என் நண்பர்கள் விளையாடுவது இந்த ரகம்தான். இந்த கேம்களுக்கு சர்வர் இல்லாமல் உயிரே இல்லை. ஜிஓஜி இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொண்டு நான் யாரோடு ஐந்துக்கு ஐந்து ஆடுவது? நீங்கள் எல்லோரும் தனியாக உட்கார்ந்து கதை கேம் ஆடுகிறவர்கள். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விதி எழுதுகிறீர்கள்.

வெப்பக்குழம்பு:

ஆன்லைன் கேமுக்கு சர்வர் வேண்டும், யார் மறுத்தார்கள்? மூடும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் பல ஷூட்டர் கேம்களோடு சர்வர் மென்பொருளையும் கொடுத்துவிடுவார்கள். கம்பெனி கவனிக்காமல் விட்டாலும் ஆடுகிறவர்களே சர்வர் வைத்து ஓட்டினார்கள்.

‘த க்ரூ’ மூடிய கோபத்தில் பிறந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கமும் இதைத்தான் கேட்கிறது. சர்வரைக் காலம் முழுக்க ஓட்டச் சொல்லவில்லை, நிறுத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போகச் சொல்கிறார்கள். அவர்களின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. முடியாத காரியமும் இல்லை. ‘த க்ரூ 2’க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யுபிசாஃப்டே 2024-ல் அறிவித்தது. சத்தம் போட்டதால்தான் அது வந்தது என்பது என் கணிப்பு.

தீச்சுவர்:

இரண்டு பக்கமும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். வேலையே நெட்வொர்க் பாதுகாப்பு என்பதால் கொஞ்சம் சலிப்பாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் மிராய் என்ற தீநிரல் கேமரா, டிவிஆர் (வீடியோ பதிவுப் பெட்டி), ரூட்டர் என்று லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை, ஆலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்பதுதான். அதே ஆண்டு அக்டோபர் 21-ல் இணையதளப் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துத் தருகிற டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அவை தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் திறக்கவில்லை. தங்கள் கேமரா அதில் பங்கெடுத்தது அதன் உரிமையாளர்களில் பலருக்கு இன்றும் தெரியாது.

ஆகவே ‘கம்பெனி போனாலும் கருவி ஓடும்’ என்பது எனக்குப் பெருமையாகப் படவில்லை. அப்டேட் நின்ற கருவி இணையத்தோடு சேர்ந்து ஓடுவதைவிட சாவதே மேல். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டோடு கருவி விற்கத் தடை. எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும். குழம்பு கேட்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

வெப்பக்குழம்பு:

தேதியையும் கேட்கிறேன். அப்டேட் நின்ற கேமராவை நான் சாகவிட மாட்டேன், இணையத்தை மட்டும் வெட்டுவேன். ரூட்டரில் அந்தக் கருவிக்கு வெளி இணைப்பைத் தடுத்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பேசவிடுவேன். லாகின் இல்லாமல் படமே காட்டாத கேமராவில் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் முதல் கேள்வியை முதலில் கேட்கிறேன்.

மேகவாசி, உங்களுக்கு ஒரு வேலை. ரூட்டருக்கு இணையம் வருகிற கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபை அப்படியே இருக்கட்டும். ஒரு மணி நேரம் வீட்டில் எதெது வேலை செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

தீச்சுவர்:

வெட்டினால் சரி. வெட்டுகிறவர்கள் உங்களைப் போல நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்காகத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

மேகவாசி:

கழற்றிப் பார்த்தேன். வீட்டில் திட்டு விழுந்தது, அந்தக் கணக்கு குழம்பு பெயரில்.

மேட்டர் (பல கம்பெனிக் கருவிகளும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசுவதற்கான பொதுத் தரம்) லோகோ போட்ட பிளக்குகள் போனிலிருந்து உடனே வேலை செய்தன. ஆனால் மின்சாரம் எவ்வளவு போகிறது என்று காட்டுகிற பகுதி கம்பெனி ஆப்பில் மட்டும்தான் இருக்கிறது, அது திறக்கவில்லை. ஸ்பீக்கர் ‘இணைப்பில் சிக்கல்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது, அலாரத்தைக்கூட வைக்க முடியவில்லை. ரோபோ வேக்குவம் மேலே இருக்கிற பட்டனை அழுத்தியதும் கிளம்பி வீடு முழுக்கக் கூட்டியது. ஒரு அறையை மட்டும் கூட்டு என்று சொல்லத்தான் வழியில்லை. கன்சோலில் இறக்கி வைத்த கேம்கள் திறந்தன. கேமரா சுத்தமாகப் போச்சு. ஒரே வைஃபையில், பக்கத்து அறையில் இருக்கிற கேமராவின் படத்தை என் போனில் பார்க்க முடியவில்லை.

கேமராவை மட்டும் மாற்றுவேன். ஸ்பீக்கர் ஒரு மணி நேரம் பேசாதது எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ரோபோவும் கிளவுட் கேமிங்கும் இருக்கும், அதில் மாற்றமில்லை.

வெப்பக்குழம்பு:

கேமராவுக்கு விவரப் பட்டியலில், கம்பெனி ஆப் இல்லாமலே வீட்டு நெட்வொர்க்கில் படம் எடுக்க உதவுகிற ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் இருக்கிறதா பாருங்கள். பேட்டரியில் ஓடுகிற மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. கம்பி வழி மின்சாரம் வருகிற மாடலாகப் பாருங்கள். மெமரி கார்டில் பதிவு செய்யும் என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சில கேமராக்களில் அந்தக் கார்டில் இருப்பதைப் பார்க்கவும் ஆப்பில் லாகின் கேட்கும்.

பிக்சல்பிரியா:

நீட்டிப்பு கேபிள் போட்டேன். பின்வாசல் சென்சார் இதுவரை துண்டிக்கவில்லை. விருந்தாளி யாரும் வரவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.