லேசான அம்பு: வேகம் கூடுது, தூரம் ஏறலை

கொழிஞ்சாம்பாறை வில்:
38 பவுண்டு இழுவை ரிகர்வ் (நுனி முன்னால வளைஞ்ச வில்), 28 அங்குல கார்பன் அம்பு, 600 ஸ்பைன் (அம்பு வளையற அளவு, எண் கூடினா அதிகம் வளையும்), வலது கை. தூரம் போகட்டும்னு 100 கிரெயின் (அம்பு எடைக்கான சின்ன அளவு) முனையை எடுத்துட்டு 40 போட்டேன். மொத்த எடை 300-லிருந்து 240 ஆச்சு. கிளம்பினதுமே வால் ஆடுது. இறகைப் பெருசாக்கினா நிக்குமாங்க?

நாண்கயிறு:
இறகைத் தொடாதீங்க. ஆட்டம் நிக்கும், தூரமும் அதோடயே நின்னு போகும். முனை எடை குறைஞ்சா அதே குழல் (அம்புத் தண்டு) விறைப்பா நடந்துக்கும். 600 உங்களுக்கு இப்ப விறைப்பு. 18 மீட்டர்ல இறகு ஒட்டினது மூணு, ஒட்டாதது ரெண்டு விடுங்க. முதல்ல உயரம் பாருங்க: ஒட்டாதது கீழ குத்துச்சுன்னா நாக் பாயிண்ட் (நாண்ல அம்பு வாலை மாட்டுற இடம்) மேல இருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டரா இறக்குங்க. அது சரியான பிறகுதான் இடம் வலம். ஒட்டாதது இடப்பக்கம் போனா விறைப்பு. 700 மாத்துங்க. குழலை மட்டும் வெட்டிராதீங்க, இன்னும் விறைக்கும்.

கொழிஞ்சாம்பாறை வில்:
பிளஞ்சரை (அம்பு பக்கவாட்டுல சாயற ஸ்பிரிங் பொத்தான்) தளர்த்தினா போதாதுங்களா?

நாண்கயிறு:
நாலு விரக்கடை விலகல்னா போதும். ஒரு முழம் விலகினா குழல்தான் தப்பு.

பனங்காடு:
அம்பை விரல் மேல வெச்சு நடு பாருங்க. நாக் பள்ளத்துல (அம்பு வால்ல நாண் மாட்டுற வெட்டு) இருந்து 15 அங்குலத்துல நின்னா, அந்த 15-லிருந்து அம்பின் பாதி நீளமான 14 போக 1. அதை 28-ஆல வகுத்தா முன்பாரம் (நடுவை விட எடை எவ்வளவு முன்னால இருக்குங்கற அளவு) 3.6 சதவீதம். குறி அம்புக்கு 11-லிருந்து 16 வரை வைப்பாங்க. தூர அம்புக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா பெரிய இறகு வாலைக் கனமாக்கி இதையும் தின்னுடும். சின்ன பிளாஸ்டிக் வேன் (இறகுக்குப் பதிலா ஒட்டுற தகடு), லேசான நாக், அதுதான் வழி. மொத்த எடை 190 கிரெயினுக்குக் கீழ போகாதீங்க. பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறைஞ்சா வெறும் நாணை விட்ட மாதிரி லிம்ப் (வில்லோட வளையற கை) அடி வாங்கும். விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழலையும் வளைச்சு, காதுகிட்ட வெச்சுக் கேளுங்க. சன்னமா நெரிஞ்சா உடைச்சுப் போட்டுடுங்க.

வாளையார் காத்து:
கோணம் 45 இல்லீங்க, காத்துத் தடை இருக்கறதால 42 பக்கம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்க இருந்து தள்ளும், ஜனவரியில கிழக்க இருந்து. அந்தக் காத்துல 600-ஐயும் 700-ஐயும் ஒப்பிட்டா எதுவும் புரியாது. காத்து அடங்கின விடிகாலையில, ரெண்டையும் மாத்தி மாத்தி விடுங்க. அறுத்த வயலா இருந்தாலும் எதிர்ல 400 மீட்டர் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. வரப்புல மாடு கட்டியிருந்தா அன்னிக்கு வேண்டாம்.